பன்னிரண்டு மாதமும் ஒரு திரையும்: செட்டிகுளத்திலிருந்து வியாபாரத் திட்ட முன்வைப்பு குறித்து ஓர் ஆய்வு

வவுனியாப் பக்கத்தில் ஒரு தொழில்முயற்சிப் பயிற்சியின் கடைசி நாள். கலந்துகொண்டவர்கள் ஆளுக்குப் பத்து நிமிடத்தில் தங்கள் வியாபாரத் திட்டத்தை முன்வைக்க வேண்டும். எதிரே ஒரு வங்கி உத்தியோகத்தரும் இரண்டு அரச உத்தியோகத்தர்களும் இருந்தார்கள். செட்டிகுளத்திலிருந்து வந்த ஒரு பெண் உழுந்து பதனிடும் தொழிலுக்குக் கடன் கேட்டு இருபத்திரண்டு படவில்லைகள் செய்து கொண்டுவந்திருந்தார். மல்டிமீடியாவில் முதலாவது விழுந்ததும் மண்டபம் அமைதியாகிவிட்டது. அவர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அந்தக் கணினியில் பாமினி இல்லை. தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகச் சிதறிக் கிடந்தது. அவர் பதறவில்லை. திரையை விட்டுவிட்டு வாயாலேயே சொன்னார், நன்றாகவும் சொன்னார். முடிந்ததும் வங்கி உத்தியோகத்தர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, தை மாசம் கடன் எடுத்து உழுந்து வாங்கிப் போடுறீங்கள். மாசியில முதல் தவணை வருது. அந்தக் காசு எங்கயிருந்து வரும்?"

அதற்குப் பதில் வரவில்லை. பிறகு அந்தக் கோப்பை எழுத்துரு உள்ள ஒரு மடிக்கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உழுந்தின் போசணைச் சத்து இருந்தது. நோக்கக்கூற்றும் பணிக்கூற்றும் இருந்தன. பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் இருந்தது. இணையத்தில் எடுத்த சூரிய உதயப் படத்தின் மேல் நன்றி இருந்தது. மாசி மாதத் தவணை எங்கும் இல்லை. எழுத்துருச் சிக்கலை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். மாசித் தவணை விடுபட்டுப் போனதற்குக் காரணம் வேறு. படவில்லை எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எவரிடமிருந்து, எதற்காகக் கற்றுக்கொண்டோம் என்பதில் அது இருக்கிறது.

பவர்பொயின்ற் முதலில் 1987 ஏப்ரலில் மாக்கின்டொஷ் கணினிக்காக வந்தது. றொபேட் காஸ்கின்ஸும் டெனிஸ் ஒஸ்ரினும் ஃபோர்தோட் என்ற சிறிய நிறுவனத்தில் அதை உருவாக்கினார்கள். அதே ஆண்டில் மைக்ரோசொஃப்ட் அந்த நிறுவனத்தை 1 கோடி 40 இலட்சம் டொலருக்கு வாங்கியது. அதற்கு முன் கூட்டங்களில் கண்ணாடித் தாளில் எழுதி ஓவர்ஹெட் புறொஜெக்டரில் வைத்துக் காட்டினார்கள். ஒரு தாள் செய்ய நேரமும் காசும் பிடித்ததால் எதைக் காட்டுவது என்று யோசித்தே செய்தார்கள். மென்பொருள் வந்தபின் இருபதாவது படவில்லைக்கும் செலவு இல்லை. செலவு போனதோடு தெரிந்தெடுக்கும் பழக்கமும் போய்விட்டது.

இதற்கு எதிராக எழுந்த குரல்களில் வலுவானது எட்வேட் டஃப்டியுடையது. புள்ளிவிவரங்களைப் படமாகக் காட்டும் கலையில் உலகறிந்த அமெரிக்கப் பேராசிரியர் அவர். 2003 பெப்ரவரி 1இல் கொலம்பியா விண்ணோடம் தரையிறங்கும் வழியில் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். ஏவியபோது எரிபொருள் தாங்கியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு இறக்கையில் மோதியிருந்தது. விண்ணோடம் மேலே இருக்கும்போதே அதன் ஆபத்தைப் பொறியியலாளர்கள் படவில்லைகளில் விளக்கினார்கள். அதில் ஒன்றை டஃப்டி வரிவரியாகப் பிரித்துக் காட்டினார். தலைப்பு ஆறுதல் தருவதாக இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளியாக வரிகள் இறங்கிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் அடியில், பரிசோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், உண்மையில் மோதியதாக மதிப்பிட்டது 1,920 கன அங்குலம் என்ற தகவல் கிடந்தது. வித்தியாசம் 640 மடங்கு. விபத்தை ஆராய்ந்த சபையும் தன் அறிக்கையில் இந்த முன்வைப்பு முறையைக் கண்டித்தது.

விண்ணோடத்துக்கும் உழுந்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ஆபத்தைச் சொல்ல வேண்டிய வரி அடியில் போய்ச் சிறிய எழுத்தில் கிடப்பதுதான் தொடர்பு. எங்கள் பக்கத்து வியாபாரத் திட்டங்கள் பலவற்றில் அந்த வரி அடியிலும் கிடப்பதில்லை.

அமேசான் நிறுவனத்தில் ஜெஃப் பேசோஸ் 2004இல் உயர்மட்டக் கூட்டங்களில் பவர்பொயின்ற்றையே நிறுத்தினார். அதற்குப் பதிலாக ஆறு பக்கத்துக்குள் முழு வாக்கியங்களில் ஓர் அறிக்கை எழுதி, கூட்டத்தின் தொடக்கத்தில் எல்லோரும் மௌனமாக இருந்து வாசிப்பது வழக்கமாயிற்று. வாக்கியமாக எழுதினால் ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள காரண காரியத் தொடர்பை மறைக்க முடியாது என்பது அதற்கான நியாயம். இதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் செட்டிகுளத்து முயற்சியாளர் முன்வைப்பு வேண்டாம் என்று சொல்லும் நிலையில் இல்லை. பயிற்சி நடத்துபவர்களும் போட்டி நடத்துபவர்களும் அதைக் கேட்கிறார்கள். யாழ் ஐடி ஹப் 2012 முதல் நடத்திவரும் யாழ் கீக் சலஞ்ச் போன்ற மேடைகளில் இளைஞர்கள் சில நிமிடங்களில் தங்கள் எண்ணத்தைத் திரையோடு நிறுவ வேண்டும். பம்பைமடுவில் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகக் கற்கைகள் பீடம் உண்டு. முன்வைப்பு அங்கேயும் கற்றலின் ஒரு பகுதி. ஆகவே படவில்லையை ஒதுக்குவதற்கு வழியில்லை. சரியாகச் செய்ய வேண்டும்.

சரியாகச் செய்வது பற்றி இரண்டு ஆய்வு மரபுகள் உறுதியான வழியைக் காட்டியிருக்கின்றன. ஒன்று, கலிபோர்னியாவின் றிச்சட் மேயர் பல ஆண்டுகள் நடத்திய கற்றல் பரிசோதனைகள். திரையில் உள்ள அதே வசனத்தைப் பேசுபவரும் வாசித்தால் கேட்பவருக்கு விளக்கம் கூடுவதில்லை, குறைகிறது என்பது அவர் கண்டவற்றில் ஒன்று. கண் ஒரு வேகத்தில் வாசிக்கிறது, காது இன்னொரு வேகத்தில் கேட்கிறது. இரண்டையும் பொருத்துவதிலேயே மூளையின் பலம் போய்விடுகிறது. படத்தைக் காட்டி வாயால் விளக்கினால் இந்த முட்டுப்பாடு இல்லை. எங்கள் பயிற்சி மண்டபங்களில் முக்கால்வாசி முன்வைப்புகள் திரையைப் பார்த்து வாசிப்பதாகவே முடிகின்றன. அதற்குப் பயமும் ஒரு காரணம் என்பதை நான் அறிவேன். மறந்துவிடுமோ என்ற பயத்தில் பேச வேண்டியதை எல்லாம் திரையில் ஏற்றிவிடுகிறார்கள். அந்தக் குறிப்புகள் கையில் ஒரு சிறு அட்டையில் இருக்கட்டும்.

மற்றது, மைக்கேல் அலி என்ற பொறியியல் தொடர்பாடல் பேராசிரியர் வலியுறுத்திய முறை. ஒவ்வொரு படவில்லையின் தலைப்பும் ஒரு முழு வாக்கியமாக, ஒரு கூற்றாக இருக்க வேண்டும். கீழே அந்தக் கூற்றுக்கான சான்று ஒரு படமாகவோ வரைபாகவோ இருக்க வேண்டும். நான் கண்ட ஆலோசனைகளுக்குள் எங்கள் ஊருக்கு மிகவும் பயன்படுவது இதுதான். "சந்தைப்படுத்தல்" என்று தலைப்பிட்டால் எழுதியவருக்கு என்ன தெரியும் என்பதே தெரியாது. "வவுனியாவிலும் மன்னாரிலும் ஒன்பது கடைகள் மாதம் 140 கிலோ எடுக்கச் சம்மதித்துள்ளன" என்று தலைப்பிட முயன்றால், ஒன்பது கடைக்கும் போய்க் கேட்டுவிட்டுத்தான் எழுத முடியும். வாக்கியத் தலைப்பு எழுதுபவரை முதலில் வேலை செய்ய வைக்கிறது. கீழே கடைக்காரர்கள் ஒப்பமிட்ட தாளின் படம் ஒன்று போதும்.

பயிற்சியாளர்கள் அதிகம் எடுத்துச் சொல்வது கை கவாசாகியின் பத்து, இருபது, முப்பது விதி. அப்பிள் நிறுவனத்தில் பணியாற்றிப் பின்னர் முதலீட்டாளராக இருந்தவர் அவர். பத்துப் படவில்லை, இருபது நிமிடம், எழுத்தின் அளவு முப்பது புள்ளிக்குக் குறையாதது என்று 2005இல் எழுதினார். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது நல்லதே. தமிழில் முப்பது புள்ளி இன்னும் கண்டிப்பாக வேலை செய்கிறது. எங்கள் சொற்கள் நீளமானவை, ஒரு வரியில் நான்கு சொல்லுக்கு மேல் பிடிக்காது, தானாகவே சுருங்கும். ஆனால் அந்தப் பத்தின் உள்ளடக்கம் எங்கே பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டும். சிலிக்கன் பள்ளத்தாக்கில் பங்கு முதலீடு செய்பவர்களுக்காகப் பிறந்தது அது. பத்துத் தொழிலில் காசைப் போட்டு, ஏழெட்டு விழுந்தாலும் ஒன்று நூறு மடங்கு வளர்ந்தால் போதும் என்று கணக்குப் பார்ப்பவர்கள் அவர்கள். ஆகவே அவர்களுக்கு எவ்வளவு பெரிதாக வளரும் என்பதைக் காட்ட வேண்டும்.

செட்டிகுளத்துப் பெண்ணின் எதிரே இருந்தவர் அந்த வகையைச் சேர்ந்தவரல்லர். கடன் கொடுக்கும் வங்கிக்கு, தொழில் நூறு மடங்கு வளர்ந்தாலும் கிடைப்பது அதே வட்டி. விழுந்தால் போவது முழு முதலும். எனவே வங்கி உத்தியோகத்தர் வளர்ச்சியைத் தேடிப் படவில்லையைப் பார்ப்பதில்லை, எங்கே விழும் என்று பார்க்கிறார். மானியம் வழங்கும் நிறுவனத்தின் குழு இன்னொரு விதம்: எத்தனை குடும்பத்துக்குப் பயன், யாருடைய பெயரில் இயந்திரம், திட்டம் முடிந்தபின் யார் பார்ப்பது என்பதே அவர்கள் கேள்வி. மூன்று கேள்விக்கும் ஒரே கோப்பு என்று கொண்டு திரிந்தால் மூன்றுக்கும் பொருந்தாது. எங்கள் பயிற்சிகளில் இந்த வேறுபாட்டை யாரும் சொல்லிக் கொடுத்து நான் கேட்டதில்லை.

இங்கே இந்த ஊரின் வரலாற்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2009இல் செட்டிகுளம் என்ற பெயர் உலகத்துக்குத் தெரிந்தது மெனிக் பாம் முகாமால். போரால் இடம்பெயர்ந்த இலட்சக்கணக்கானவர்கள் அங்கே தறப்பாள்களுக்குள் இருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாம் மூடப்பட்டது. அதன் பின்னும் பல வருடங்கள் இப்பகுதி மக்கள் நிரப்பிய படிவங்கள் எல்லாம் இழப்பைக் கேட்டவை. எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை மாடு போனது, வீடு எப்படி உடைந்தது. இல்லாததை எழுதினால்தான் உதவி வரும். ஒரு தலைமுறை அப்படியே எழுதப் பழகிவிட்டது. இன்று அதே மனிதர்கள் வியாபாரத் திட்டம் எழுதும்போதும் முதல் ஐந்து படவில்லை கஷ்டத்தைச் சொல்கிறது. அது அவர்கள் பிழையல்ல, அப்படித்தான் கேட்கப்பட்டார்கள். ஆனால் கடன் கொடுப்பவர் இருப்பதைப் பார்க்கிறார்: மூன்று வருடமாக வீட்டு முற்றத்தில் உழுந்து உடைத்து விற்ற கணக்குக் கொப்பி, வாடிக்கையான கடை, பழுதாகாத ஒரு கிரைண்டர், கூட வேலை செய்யத் தயாரான தங்கை. அந்தக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து முதல் படவில்லையாக வைத்தால், ஐந்து படவில்லைக் கதை சொல்லாததை அது சொல்லும். கையெழுத்து, எண்ணெய்க் கறை, திகதி எல்லாம் தெரியட்டும்.

இனி, நடுவில் நிற்க வேண்டிய படவில்லை. என் கருத்தில் வன்னியில் வைக்கப்படும் எந்த வியாபாரத் திட்டத்துக்கும் முதுகெலும்பு பன்னிரண்டு மாதக் காசுப் படம்தான். காரணம் எளிது: எங்கள் வருமானம் போகத்தோடு வருகிறது, தவணை மாதத்தோடு வருகிறது. உழுந்துக்கு வவுனியா பெயர்பெற்ற மாவட்டம். மழையை நம்பி ஐப்பசி கார்த்திகையில் விதைத்துத் தை பிறக்கும்போது அறுவடை. அப்போதுதான் விலை இறங்கும். அப்போதுதான் வாங்கிச் சேர்க்க வேண்டும். விற்பது வருடம் முழுக்க.

கணக்கு விளங்குவதற்காக வட்டமான எண்களை எடுத்துக்கொள்கிறேன். இவை சந்தை விலை அல்ல. தையில் 2,000 கிலோ முழு உழுந்து கிலோ 600 ரூபாய்ப்படி வாங்கினால் 12 இலட்சம். அந்த முழுத் தொகையும் கடன், வருட வட்டி 12 வீதம், குறையும் மீதியில் கணக்கு. தோல் நீக்கி உடைத்தால் 1,400 கிலோ பருப்பு கிடைக்கிறது என்று வைப்போம். பங்குனி முதல் மார்கழி வரை பத்து மாதம், மாதம் 140 கிலோ, கிலோ 1,100 ரூபாய். மாத விற்பனை 154,000 ரூபாய். உடைகூலி, மின்சாரம், பொதி, போக்குவரத்து மாதம் 14,000 ரூபாய். எந்தக் கடைக்காரரும் கையில் காசு தரமாட்டார். ஒரு மாதம் கழித்துத்தான் தருவார். ஆகவே பங்குனியில் கொடுத்த பருப்பின் காசு சித்திரையில்தான் வரும்.

இதைப் பன்னிரண்டு கம்பங்களாகக் கீறிப் பாருங்கள். மாசியும் பங்குனியும் வெறுமையாக நிற்கும். வங்கி வழக்கம்போல் மாசியிலிருந்தே முதலையும் வட்டியையும் சேர்த்துக் கழித்தால், முதல் தவணையிலேயே தவறிவிடும். மாசி, பங்குனி இரண்டு மாதமும் வட்டி மட்டும் கட்டி, சித்திரையிலிருந்து பத்துத் தவணையில் முதலைக் கட்டுகிறேன் என்று கேட்டால் கணக்கு இப்படி ஓடும்: இரண்டு மாத வட்டி 24,000, பங்குனிச் செலவு 14,000, ஆக 38,000 ரூபாய் தன் கையிலிருந்து போட வேண்டும். சித்திரையில் முதலும் வட்டியுமாகத் தவணை 132,000. செலவு போகக் கையில் இருப்பது 140,000. எட்டாயிரம் மிஞ்சும். மாதம் போகப் போகத் தவணை குறையும். அடுத்த தையில் கடன் முடியும்போது மொத்த வட்டி 90,000 ரூபாய், வருட மிச்சம் 110,000 ரூபாய்.

இந்த ஒரு படம் மூன்று வேலை செய்கிறது. வங்கியின் கேள்விக்குக் கேட்கும் முன்பே பதில் சொல்கிறது. கடனை மட்டுமல்ல, கடனின் உருவத்தையும் கேட்க வழி செய்கிறது. இரண்டு மாதச் சலுகை எதற்கு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. மூன்றாவது, அதைச் செய்தவருக்கே உண்மையைக் காட்டுகிறது. வருடம் முழுக்க உழைத்து 110,000 ரூபாய், மாதம் பத்தாயிரத்துக்கும் குறைவு. இது தன் உழைப்புக்குப் போதுமா, கோதை மாட்டுத் தீவனமாக விற்றால் எவ்வளவு சேரும், வெறும் பருப்பாக விற்காமல் அப்பளமோ வடகமோ செய்தால் என்ன என்ற யோசனைகள் அதன் பிறகுதான் வரும். வர வேண்டிய இடமும் அதுதான், வங்கிக்குப் போவதற்கு முன்.

அதன் பக்கத்தில் இன்னொரு படவில்லை வேண்டும்: விலை இறங்கினால் என்ன ஆகும். மேலே சொன்ன கணக்கில் பருப்பு 1,100 இலிருந்து 1,000 ரூபாய்க்கு இறங்கினால் வருமானத்தில் 140,000 குறையும்; 110,000 மிச்சம் போய் 30,000 நட்டமாகும். கிலோவுக்கு ஏறத்தாழ எண்பது ரூபாய்தான் இலாபத்துக்கும் நட்டத்துக்கும் நடுவில் நிற்கிறது. 2020இல் அரசாங்கம் உழுந்து இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது விலை ஏறியதை எங்கள் விவசாயிகள் கண்டவர்கள். கட்டுப்பாட்டில் ஏறிய விலை கட்டுப்பாடு தளர்ந்தால் இறங்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவு படவில்லையில் வர வேண்டும். பலம், பலவீனம் என்ற நான்கு கட்டத்தை எடுத்துவிட்டு இந்தக் கணக்கை வைக்கலாம். "போட்டி அதிகம்" என்று ஒரு கட்டத்தில் எழுதுவதால் எவருக்கும் எதுவும் தெரியவராது.

வங்கி கேட்கும், நாம் காட்டத் தயங்கும் இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று காணி. வன்னியில் பலருடைய காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக் காணிபோல் அதை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது. "சொந்தக் காணி 1 ஏக்கர்" என்று பொதுவாக எழுதிவிட்டுக் கேள்வி வரும்போது தடுமாறுவதைவிட, அனுமதிப்பத்திரம் யார் பெயரில், பிணைக்கு யார் வருகிறார்கள் என்று ஒரே வரியில் முதலிலேயே சொல்லிவிடலாம். மற்றது பழைய கடன். நுண்கடன் நிறுவனங்களிடம் வாரத் தவணைக்குக் கடன்பட்டு நொந்த பெண்கள் இப்பகுதியில் ஏராளம். 2018இல் அரசாங்கம் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் ஓர் இலட்சம் ரூபாய் வரையான நுண்கடன்களைத் தீர்க்க முன்வந்த அளவுக்கு அது பெரிய துயரமாக இருந்தது. அந்தக் கடன் விவரத்தைக் காட்ட வெட்கப்படுகிறார்கள். ஆனால் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை வங்கி எப்படியும் எடுத்துப் பார்க்கும். "2 கடன் எடுத்தேன், ஒன்று முடிந்தது, மற்றதில் இவ்வளவு மீதி" என்று தானே சொல்பவரை உத்தியோகத்தர் நம்புகிறார், மறைத்தவரை நம்புவதில்லை. பல கோப்புகள் திரும்பி வருவதற்கு இது ஒரு காரணம்.

இனித் திரையின் தோற்றம் பற்றிச் சில சொல். இதில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை, ஆனால் தவறினால் எல்லாம் தவறும்.

எழுத்துரு யூனிகோடில் இருக்கட்டும். நிர்மலாவோ லதாவோ விண்டோஸ் கணினிகளில் இருக்கும். நோட்டோ தமிழ் எழுத்துரு இலவசமாகக் கிடைக்கும். பாமினி பழகிய கைக்கு இது சிரமம்தான். கோப்பைப் பிடிஎஃப் ஆக மாற்றி இன்னொரு பிரதி எடுத்து வைத்தால் பாமினியும் கலையாது. இகர ஈகார மேல்விலங்குகள் மேல்வரியோடும் உகரக் கீழ்விலங்குகள் கீழ்வரியோடும் முட்டாமல் வரிகளுக்கிடையில் தாராளமாக இடம் விட வேண்டும். மண்டபங்கள் பெரும்பாலும் யன்னல் திறந்த, வெயில் அடிக்கும் மண்டபங்கள். கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வீட்டில் அழகாகத் தெரிந்தாலும் அங்கே கரைந்துவிடும். வெள்ளைப் பின்னணியில் கரிய எழுத்துத்தான் பகல் வெளிச்சத்தைத் தாங்கும். இலாபத்துக்குப் பச்சை, நட்டத்துக்குச் சிவப்பு என்று மட்டும் பிரித்தால் அந்த இரண்டு நிறத்தையும் பிரித்தறிய முடியாதவர் ஒருவர் எதிரே இருக்கக்கூடும். கம்பத்தின் மேல் எண்ணையும் எழுதிவிடுங்கள். எழுத்துகள் பறந்து வருவதும் சுழல்வதும் வேண்டாம்.

எண்களில் ஒரு கண்டிப்புத் தேவை. நாம் இலட்சத்தில் நினைக்கிறோம், வங்கி மில்லியனில் எழுதுகிறது. ஒரு படவில்லையில் 12 இலட்சம் என்றும் அடுத்ததில் 1.2 மில்லியன் என்றும் வந்தால் கேட்பவர் மனதில் ஒரு கணம் தட்டும். ஏதாவது ஒன்றைப் பிடித்து முடிவுவரை அதிலேயே நில்லுங்கள். மொழியிலும் அப்படியே. கிளையில் இருப்பவர் தமிழில் கேட்பார். பெரிய தொகை என்றால் கோப்பு மேலிடத்துக்குப் போகும், அங்கே தமிழ் வாசிக்காதவர் இருப்பார். இரு மொழியையும் ஒரே படவில்லையில் நெருக்கி அடைப்பதைக் காட்டிலும் தமிழில் ஒன்று, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ ஒன்று என்று இரண்டு கோப்பாகச் செய்வது நல்லது. காசுப் படத்தில் எண்கள்தானே பெரும்பகுதி. மாற்ற வேண்டியது சில சொற்களே.

மின்சாரத்தை நம்பாதீர்கள். 2022 மார்ச் முடிவில் நாடு ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருளில் இருந்ததைக் கண்டவர்கள் நாம். இப்போது அந்த நிலை இல்லை என்றாலும், மல்டிமீடியா எரியாத நாள் எப்போதும் ஒன்று வரும். எட்டுப் படவில்லையையும் நான்கு தாளில் அச்சடித்து எதிரே இருப்பவர்கள் எண்ணிக்கைக்குக் கொண்டுபோக வேண்டும். அதைத் தொடக்கத்திலேயே கொடுத்தால் அவர்கள் தாளை வாசித்துக்கொண்டிருப்பார்கள், உங்களைப் பார்க்கமாட்டார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. காசுப் படத்தை மட்டும் முதலில் கொடுங்கள், மற்றவை முடிவில். பேனையை எடுத்து அதில் குறிப்பு எழுதத் தொடங்கினாரென்றால் அந்த உத்தியோகத்தர் உங்கள் கணக்கைத் தன் கணக்காகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

எட்டு என்று சொன்னேன். அந்தப் பெண் பிறகு செய்த கோப்பில் அத்தனைதான் இருந்தன. கணக்குக் கொப்பியின் படம், கேட்கும் தொகையும் அது போகும் இடமும், ஒன்பது கடைகளின் ஒப்பம், உடைக்கும் இயந்திரமும் அதன் விலைச்சீட்டும், பன்னிரண்டு மாதக் காசுப் படம், விலை இறங்கினால் என்ன செய்வது, காணியும் பிணையும் பழைய கடனும், வேலை செய்யப் போகிறவர்கள். நன்றிக்குத் தனிப் படவில்லை இல்லை, வாயால் சொன்னார். கடைசியாகத் திரையில் நின்றது மீண்டும் அந்தக் காசுப் படம். கேள்விகள் எல்லாம் அதைக் காட்டியே கேட்கப்பட்டன, அதைத் தொட்டே பதில் சொன்னார்.

பிரதேச செயலகங்களிலும் சங்கங்களிலும் பயிற்சி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் பவர்பொயின்ற்றைத் திறக்க வேண்டாம். ஒவ்வொருவர் கையிலும் பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுங்கள். எந்த மாதம் காசு போகும், எந்த மாதம் வரும், எந்த மாதம் தவணை என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். கணினி இரண்டாம் நாள் வரட்டும். காலபோக உழுந்து தையில் களத்துக்கு வந்துவிடும். அதை வாங்கக் கடன் கேட்பவர் கார்த்திகையிலேயே அந்தத் தாளை எழுதி முடித்திருக்க வேண்டும்.